பெரியப்பா சொல்லும் பள்ளி வேண்டாம்

திருச்செங்கோடு அம்மாவுக்கு,

மகள் பத்தாம் வகுப்பில்தான் இருக்கிறாள், அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் பெரியப்பா வற்புறுத்துகிறார் என்பதற்காக நீட் பயிற்சி தரும் விடுதிப் பள்ளியில் அவளைச் சேர்க்காதீர்கள். ரத்தம் பார்த்தால் அவளுக்கு மயக்கம் வருகிறது, பேப்பரில் உலகச் செய்தியைத்தான் முதலில் படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு எதற்கு மருத்துவம்?

பலரும் யோசிக்காத ஓர் இடம் இருக்கிறது. புனே பக்கம் முல்ஷியில் உள்ள மகிந்திரா யுனைடெட் வேர்ல்ட் காலேஜ். பெயர்தான் காலேஜ், படிப்பு பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குச் சமமான இரண்டு வருடம்.

யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் என்ற பெயரில் பல நாடுகளில் பள்ளிகள் உண்டு. அவற்றுக்கு வித்திட்டவர் குர்ட் ஹான் என்ற ஜெர்மானிய ஆசிரியர். ஹிட்லரை எதிர்த்ததால் 1933இல் சிறைபட்டு, பிறகு பிரிட்டனுக்குப் போனவர். பகை நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படித்துச் சேர்ந்து உழைத்தால் பகை குறையும் என்பது அவர் நம்பிக்கை. 1962இல் வேல்ஸ் கடற்கரையில், செயின்ட் டொனாட்ஸ் கோட்டையில் முதல் பள்ளியான அட்லாண்டிக் காலேஜ் தொடங்கியது. கடலில் தத்தளிப்பவர்களை மீட்பதும் ஒரு காலத்தில் அங்கே மாணவர் வேலையாக இருந்தது. கெட்டியான அடிப்பாகமும் காற்றடைத்த விளிம்பும் கொண்ட மீட்புப் படகு உருவானதே அந்தப் பள்ளியில்தான். 1997இல் தொடங்கிய முல்ஷி பள்ளியும் அந்தக் குடும்பம்தான். பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே விடுதியில் தங்குகிறார்கள், சமூகப் பணியும் படிப்பில் சேர்த்தி.

பாடத்திட்டம் ஐபி, அதாவது பல நாடுகளில் நடக்கும் இன்டர்நேஷனல் பாக்கலரேட். ஆறு பாடங்கள், அதில் மூன்றையாவது ஆழமாகப் படிக்க வேண்டும். உலக அரசியல் என்றே ஐபியில் ஒரு பாடம் உண்டு. தானே தலைப்பு எடுத்து 4,000 சொற்களுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிப்பு, அதற்கு இப்போதிருந்தே பழகட்டும்.

சரி, பணம். முழுக் கட்டணம் லட்சக்கணக்கில் போகும், உங்கள் கடை வருமானம் தாங்காது. குடும்ப நிலையைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். எவ்வளவு என்று எழுத்தில் வரும்வரை சம்மதம் சொல்லாதீர்கள். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ சேர்க்கவே கூடாது. உதவித்தொகை போதவில்லை என்றால் அரசுப் பள்ளியில் வரலாறு, பொருளியல் குரூப் எடுக்கட்டும். அவள் விருப்பத்துக்கு அதுவும் நல்ல பாதைதான்.

முதலில் அவளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். போகிறேன் என்றால் விண்ணப்பத்தை அவளே எழுதட்டும், டியூஷன் சார் கை வைக்க வேண்டாம். பெரியப்பாவிடம் நீங்கள் பேசுங்கள், அவளைப் பேச விடாதீர்கள்.