மரப்பு ஊசியும் இரண்டு நிமிடமும்

என் தங்கைக்குப் போன மாதம் அரசு ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவம். சுகப்பிரசவம்தான். தையல் போடும்போது வலி தாங்காமல் கத்தியிருக்கிறாள். "என்னட்டீ கூப்பாடு போடுக?" என்று தையல் போட்டவர் தொடையில் ஓர் அடி வைத்திருக்கிறார். துணைக்கு என்னை உள்ளே விடவில்லை. "பிள்ளெ நல்லா இருக்குல்லா, விடு" என்கிறாள் அம்மா. எனக்கும் அதுதான் சரியோ என்று தோன்றுகிறது. ஏழை நாட்டில் இப்படித்தான் இருக்குமா? அடுத்த பேறுக்குத் தனியாரிடம் போகலாமா?

வாசகி, திங்கள்சந்தை

அன்புள்ள வாசகிக்கு,

தங்கையிடம் என் அன்பைச் சொல்லுங்கள். அவள் கத்தியதில் தப்பே இல்லை. உங்கள் மீதுதான் எனக்குக் கோபம். அடி வாங்கியவள் அவள், 'சரியோ' என்று யோசிப்பது நீங்களா?

ஏழை நாட்டுக் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கானா, கினி, நைஜீரியா ஆகிய 3 நாடுகளில் பிரசவ அறைக்குள்ளேயே ஆளை நிறுத்திக் கவனித்த ஆய்வு 2019-இல் லான்செட் இதழில் வந்தது. 2,016 பெண்களில் 838 பேருக்கு அடியோ வசவோ இழிவோ கிடைத்திருக்கிறது. பிள்ளை வெளியே வரப் பிறப்பு வாசலை வெட்டிவிட்ட 253 முறையில் 190 முறை சம்மதமே கேட்கவில்லை. சிறு வயதுக்காரிகளும் படிக்காதவர்களும்தான் அதிகம் பட்டவர்கள். குளச்சலில் மீன் சுமக்கிறவளை 'நீ' என்றும் டீச்சரை 'நீங்க' என்றும் கூப்பிடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடவேண்டும் என்பது அரசுப் பிரசவ அறைகளைச் சீராக்க மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த லக்ஷ்யா திட்டத்திலேயே இருக்கிறது. கட்டிலுக்குக் கட்டில் திரை இல்லை என்று சாக்குச் சொல்வார்கள். திரைத்துணி என்ன விலை? அது கிடக்கட்டும்.

தையலுக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே இதை எழுத நினைத்திருந்தேன். "தலை இறங்கும்போதே அந்த இடம் மரத்துப் போயிருக்கும், ஊசி எதுக்கு" என்று ஒரு பேச்சு உண்டு. தலை அழுத்தும் நேரத்து மரப்பு, பிள்ளை வெளியே வந்ததும் போய்விடும். தையல் போடுவதோ நஞ்சுக்கொடி விழுந்த பிறகு.

மரப்பு ஊசிக்கான மருந்து லிக்னோகெயின், 0.5 சதவீதம், சுமார் 10 மில்லி. கைக்குக் கிடைப்பது 2 சதவீதக் குப்பி என்றால் அதில் 2.5 மில்லி எடுத்து 7.5 மில்லி சலைன் சேர்த்தால் போதும். உள்சவ்வுக்கு அடியில், தோலுக்கு அடியில், தசைக்குள் ஆழமாக என மூன்று இடத்திலும் பரவ வேண்டும். செலுத்துமுன் ஒவ்வொரு முறையும் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

அதன்பின் இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். இங்கேதான் கெடுகிறது. ஊசியை எடுத்த கையோடு தையல் ஊசியைப் பிடிப்பார்கள். போட்ட மருந்து வேலை செய்வதற்குள் இரண்டு குத்து விழுந்திருக்கும். கேஸ் ஷீட்டில் 'மரப்பு ஊசி போடப்பட்டது' என்று எழுதியிருக்கும், அது பொய்யும் இல்லை! இரண்டு நிமிடம் கழித்துக் கிடுக்கியால் லேசாகக் கிள்ளிப் பார்க்க வேண்டும். வலித்தால் இன்னும் இரண்டு நிமிடம். ஆள் பற்றாக்குறை என்று என்னிடம் சொல்லாதீர்கள். பொறுத்திருக்கத் தனியாக ஒரு சிஸ்டரை நியமிக்க வேண்டுமா?

இதை இரக்க காரியம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வலியில் துடிக்கிறவளின் தசையில் விளிம்புக்கு விளிம்பு சேராது. மலவாய்த் தசை கிழிந்திருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்க்கவும் அவளால் இடம் கொடுக்க முடியாது. 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு மேலே தைத்து மூடிவிடுவார்கள். உள்ளே இருந்த கிழிசல் அப்படியே கிடக்கும்.

தனியாரா அரசா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எங்கே போனாலும் ஏழாம் மாதமே கேட்க வேண்டியது இது: மரப்பு ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்துத் தைப்பீர்கள்? முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

இப்போது அவசரம் வேறு. காற்றை அடக்க முடியாமல் போகிறதா, மலம் கசிகிறதா, தையல் இடத்தில் நாற்றமோ சீழோ உண்டா என்று தங்கையிடம் தனியாகக் கேளுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் சொல்லமாட்டாள். ஒன்றுக்கு 'ஆமா' என்றாலும் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, மலவாய்த் தசையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.