பெண் பாத்திரம் படத்தில் ஒப்புக்குத்தான் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1985-இல் அலிசன் பெக்டல் என்ற அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் தன் சித்திரத் தொடரில் ஒரு சோதனை சொன்னார். படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. இதில்கூடத் தேறாத வெற்றிப் படங்கள் ஏராளம்.

சரி, தேறிவிட்டால் போதுமா? போதாது. அவள் எடுத்த முடிவால் கதை எங்காவது திரும்புகிறதா என்று பாருங்கள். நாயகியை டாக்டர் என்பார்கள். ஒரு காட்சியில் ஸ்டெதஸ்கோப் தெரியும், அப்புறம் நோயாளியே வரமாட்டார். அவளைக் கடத்துவது நாயகனுக்குக் கோபம் வருவதற்காக மட்டுமே.

எனக்கு மிகவும் கவலை தருவது, 'வேண்டாம்' என்றவளைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பதைக் காதலாகக் காட்டுவது. அங்கே கேமரா அவளுடைய பயத்தில் நிற்காது, அவனுடைய ஏக்கத்தில்தான் நிற்கும். பின்னணி இசையும் அவன் பக்கம்தான்.