விலங்குகளின் அறிவியல் பெயர்கள் எல்லாமே லத்தீனா? அவற்றுக்கு அர்த்தம் உண்டா?

அர்த்தம் உண்டு. ஆனால் அதை நம்பி விலங்கை அடையாளம் காணப் போனால் ஏமாந்துபோவீர்கள். நான் ஏமாந்திருக்கிறேன்.

பறவை பார்க்கத் தொடங்கிய புதிதில் மைனாவின் பெயரைத் தேடினேன்: அக்ரிடோதெரஸ் டிரிஸ்டிஸ். முன்பாதி கிரேக்கம், வெட்டுக்கிளி வேட்டைக்காரன். சரி, பொருந்துகிறது. பின்பாதி லத்தீன், ‘சோகமான’ என்று பொருள். விடிந்ததும் எங்கள் மொட்டைமாடியில் சண்டை போட்டுத் தெருவையே எழுப்பிவிடுகிற பறவைக்கு என்ன சோகம்? அந்தச் சொல்லுக்கு ‘மங்கலான’ என்றும் பொருள் உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது. 1766-இல் பெயர் வைத்த ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் அந்தப் பழுப்பு உடம்பை நினைத்து வைத்திருப்பார் போல.

எல்லாமே லத்தீனா என்றால், இல்லை. இலக்கணம்தான் லத்தீன், சொல் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். நல்ல பாம்பு ‘நாயா நாயா’. வேறொன்றுமில்லை, சமஸ்கிருத ‘நாக’தான். பெருச்சாளியின் பேரினப் பெயர், அதாவது நெருங்கிய இனங்களின் குழுவுக்கான முதல் சொல், பாண்டிகோட்டா. தெலுங்கில் அதை ‘பந்திகொக்கு’ என்பார்கள், பன்றி எலி என்று அர்த்தம். அதற்கு ஒரு லத்தீன் வாலை ஒட்டிவிட்டார்கள்.

அந்த வால்தான் இதில் வேடிக்கை. சிட்டுக்குருவிக்கு லின்னேயஸ் 1758-இல் வைத்த பெயர் ஃபிரிஞ்சில்லா டொமெஸ்டிகா. ‘டோமுஸ்’ என்றால் வீடு, ஆக வீட்டுக்குருவி. பிறகு அதை ‘பாஸர்’ என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். ஃபிரிஞ்சில்லா பெண்பால் சொல், பாஸர் ஆண்பால் சொல். அதனால் டொமெஸ்டிகா, டொமெஸ்டிகஸ் ஆயிற்று. குருவி ஆணா பெண்ணா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பாரடைசியா அபோடா, நியூ கினி பக்கத்துச் சொர்க்கப் பறவை. ‘அபோடா’ என்றால் காலில்லாதது. அந்தத் தீவுக்காரர்கள் விற்பனைக்காகப் பறவையின் தோலைப் பதப்படுத்தும்போது கால்களை வெட்டிவிடுவார்கள். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தத் தோல்தான். பார்த்தவர்கள், இது தரையிறங்கவே இறங்காது, பனித்துளியைக் குடித்து வானத்திலேயே வாழ்கிறது என்று கதை கட்டினார்கள். 1758-இல் அந்தப் பெயரே பதிவாகிவிட்டது. பொருள் தப்பு என்பதற்காக ஒரு பெயரை மாற்ற விலங்குப் பெயரிடல் விதிகளில் இடமில்லை. இரண்டு காலாலும் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆண் பறவை ஆட்டம் போடுகிறது, பெயரில் மட்டும் இன்றைக்கும் அதற்குக் காலில்லை.