தூண்டில்காரர் பதில்கள்: செப்டம்பரில் ஏறும் சால்மன்

ஆகஸ்ட் முடிகிறதென்றால் கேள்விகள் எல்லாம் சால்மனைப் பற்றியே வரும். இந்த முறையும் அப்படித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் ஒருவருக்குச் சொல்லிவிட்டு மற்றவர்களை விட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஆற்றுக்குள் வந்த சால்மன் எதையும் தின்னாது என்கிறார்கள். அப்படியென்றால் தூண்டிலில் எப்படிப் படுகிறது? எந்த நாளில் போனால் நல்லது? (மிசிசாகா வாசகர்)

தின்னாது என்பது உண்மைதான். சினூக் சால்மன் ஒன்ராறியோ ஏரியில் மூன்று, நான்கு வருடம் அலைவைஃப் என்ற சின்ன மீனைத் தின்று கொழுக்கிறது. முட்டையிடும் காலம் வந்ததும் ஆற்றில் ஏறுகிறது. அப்போதே இரையெடுப்பதை நிறுத்திவிடும், குடலும் சுருங்கிப்போகும். அதன் பிறகு உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பில்தான் ஓட்டம். முட்டையிட்டதும் செத்துவிடும். வயிற்றைக் கீறினால் ஒன்றும் இருக்காது.

ஆனாலும் கடிக்கும். எரிச்சலில் கடிக்கிறது, பழைய பழக்கத்தில் கடிக்கிறது, தன் இடத்துக்குள் ஏதோ வருகிறதே என்று கடிக்கிறது. ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மீனைக் கேட்டுவந்து சொன்னவர் யாருமில்லை. பசி இல்லாத மீன் இரையைத் தேடி வராது, அவ்வளவுதான் விஷயம். இரைதான் அதன் மூக்குக்கு நேரே போகவேண்டும், அதுவும் அடித்தளத்தை ஒட்டி, நீரோட்டத்தின் வேகத்திலேயே. இரண்டடி தள்ளிப் போனால் திரும்பியும் பார்க்காது. ஊரில் ஓரா மீனுக்குத் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். தக்கை கொஞ்சம் தயங்கினாலே சுண்டிவிடுவார்கள்.

நாளைப் பற்றிக் கேட்டீர்கள். கலண்டரைவிட மழையைப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் மீன்கள் ஆற்று முகத்துவாரங்களில் கூடத் தொடங்கும். போர்ட் கிரெடிட், பிரொன்டே, போர்ட் ஹோப் அணைக்கரைகளில் விடியுமுன் ஒளிரும் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக இரை) வீசுகிறவர்களை அப்போது பார்க்கலாம். இரவு குளிர்ந்து, ஒரு நல்ல மழையும் பெய்ததென்றால் கூட்டமாக உள்ளே ஏறும். செப்டம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் முதல் வாரம் வரைதான் பெரிய ஏற்றம். மழை பெய்த அன்றைக்கே ஓடிப்போகாதீர்கள், ஆறு சேறாக ஓடும். பெருகிய தண்ணீர் இறங்கித் தெளியத் தொடங்கும் நாள்தான் நாள். முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்தால் உங்கள் சப்பாத்து மங்கலாகத் தெரியவேண்டும். முழுக்கத் தெளிந்துவிட்டால் மீன் வெருளும். அப்புறம் விடியற்காலை ஒரு மணி நேரம்தான் உங்களுக்கு.

வீட்டிலிருந்தே பார்க்க ஒரு வழி உண்டு. வோட்டர் சேர்வே ஒஃப் கனடாவின் அளவுமானிகள் ஆற்று நீர்மட்டத்தை இணையத்தில் உடனுக்குடன் காட்டுகின்றன. கிரெடிட் ஆற்றுக்கு நோர்வலில் ஒன்று இருக்கிறது. கோடு ஏறி, பிறகு இறங்கும்போது காரை எடுங்கள்.

முதல் தடவை போகிறேன். என்ன வாங்கவேண்டும்? கடைக்காரர் ஆயிரம் டொலருக்குக் கணக்குப் போடுகிறார். (பிராம்ப்டன் வாசகர்)

அந்தக் கடைக்குத் திரும்பிப் போகாதீர்கள், தம்பி. ஒன்பது அல்லது பத்தடி நீளமான, கொஞ்சம் விறைப்பான தடி ஒன்று. 4000 அளவு ரீல். 12 முதல் 15 இறாத்தல் தாங்கும் தங்கூசி. தக்கை, ஈயக் குண்டுகள், 4 அல்லது 6ஆம் இலக்க முள். இரைக்கு, சால்மன் சினையை மெல்லிய வலைத்துணியில் பத்துக் காசு நாணயத்தின் அகலத்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள். சினை கிடைக்காவிட்டால் முத்துப்போன்ற செயற்கை மணிகளும் வேலை செய்யும். மெல்லிய தடியோடு போகவேண்டாம்: சினூக் சாதாரணமாகவே இருபது இறாத்தல் இருக்கும், மணிக்கணக்காக இழுபட்டால் விட்ட பிறகும் அது பிழைக்காது.

போலரைஸ்ட் கண்ணாடிக்குச் செலவழியுங்கள், மீன் தெரியும், குழியும் தெரியும். வேடர்ஸ் (தண்ணீரில் நிற்கப் போடும் மார்பளவு நீர்புகாக் காலுடை) போட்டால் இடுப்புப் பட்டியை இறுக்குங்கள். பாசி பிடித்த கல்லில் விழுகிறவர்களை ஒவ்வொரு செப்டம்பரிலும் பார்க்கிறேன். விழுந்தால் பட்டி இல்லாத வேடர்ஸ் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து விசிட்டில் வந்திருக்கிறார், வயது 68. 65க்கு மேல் லைசென்ஸ் தேவையில்லை என்றார்களே? (ஸ்காபறோ வாசகி)

அது கனடாவில் வசிக்கும் முதியவர்களுக்கான சலுகை, தங்கச்சி. விசிட்டில் வந்த பெரியவருக்கு எவ்வளவு வயதானாலும் வெளிநாட்டவர் உரிமம் வேண்டும். ஒருநாள் உரிமம் எடுத்தால் அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டை இல்லாமலே முடியும். உங்களுக்கு, 18க்கும் 64க்கும் இடையில் என்றால், கார்டும் உரிமமும் இரண்டும் தேவை. அப்பாவின் கையில் உங்கள் தடியைக் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்றாலும், பிடிப்பவர் அவர்தான் என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார்.

இன்னொன்றும் பாருங்கள். ஒரே ஆற்றில் மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். பல இடங்களில் சால்மன் காலம் செப்டம்பர் 30உடன் முடியும். ஏரிக்குக் கிட்டிய பகுதிகள் சில டிசம்பர் 31 வரை திறந்திருக்கும். சில இடங்கள், முக்கியமாக அணைகளுக்குக் கீழே, முற்றாகவே தடை. மாகாண அரசு ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும் விதிமுறைச் சுருக்கத்தில், நீங்கள் தூண்டில் போடும் இடத்துக்குக் கிட்டிய பாலத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

பக்கத்தில் நின்ற ஒருவர் பெரிய மூன்றுமுள் கொக்கியை வீசி, சரக்கென்று இழுத்து, மீனின் முதுகில் கொளுவிப் பிடித்தார். கேட்டதற்கு, எப்படியும் சாகப்போகிற மீன்தானே என்றார். (ஏஜக்ஸ் வாசகர்)

எப்படியும் சாகத்தான் போகிறது, ஆனால் முட்டையிட்ட பிறகு. வாயில் அல்லாமல் வேறு இடத்தில் முள் ஏறினால் உடனே விட்டுவிடவேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். வேண்டுமென்றே அப்படிக் கொளுவுவது குற்றம். சினையை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கரையில் எறிவதும் குற்றம்தான். நாறிக் கிடக்கும் அந்த உடல்களைப் பார்த்துத்தான் ஊர்க்காரர்கள் நம்மையெல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். அவரோடு சண்டைக்குப் போகவேண்டாம். முறைப்பாட்டுத் தொலைபேசி எண் விதிமுறைச் சுருக்கத்திலேயே இருக்கிறது, வாகன இலக்கத்தைக் குறித்துக்கொண்டு அழையுங்கள்.

ஆழமில்லாத இடத்தில், சுற்றிலும் கறுத்த கற்கள் இருக்க நடுவில் மட்டும் துடைத்ததுபோல வெளுத்த சரளை தெரிந்தால், அது பெண் மீன் வாலால் தோண்டிய முட்டைப் படுக்கை. அதன்மேல் மிதிக்காதீர்கள். அங்கே நிற்கும் சோடிக்குத் தூண்டில் போடவும் வேண்டாம். இது சட்டத்தில் எழுதியிருக்கிறதோ இல்லையோ, என்னுடைய கட்சி அதுதான்.

சால்மன் இந்த ஏரிக்குச் சொந்தமான மீனா? பசிபிக் மீன் என்று என் மகன் வாதாடுகிறான். (மார்க்கம் வாசகர்)

மகன் பாதி சரி. இந்த ஏரியில் முன்பு இருந்தது அத்திலாந்திக் சால்மன். ஆலைகளுக்காகக் கட்டிய அணைகள், காடழிப்பு, அளவில்லாத மீன்பிடி எல்லாம் சேர்ந்து 1898க்குள் அதை இல்லாமலாக்கின. இப்போது ஏறும் சினூக்கும் கோஹோவும் 1960களின் இறுதியிலிருந்து பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழி. பெருகிப்போயிருந்த அலைவைஃபைத் தின்னவும், தூண்டில்காரரை இழுக்கவும்தான் அப்படிச் செய்தார்கள். இன்று கணிசமானவை ஆற்றிலேயே பிறந்து வளர்கின்றன. அத்திலாந்திக்கைத் திரும்பக் கொண்டுவர 2006இல் கிரெடிட், டஃபின்ஸ், கோபோர்க் ஓடைகளில் குஞ்சு விடும் திட்டத்தைத் தொடங்கினார்கள்.

அதனால் பிடித்ததும் வாயைத் திறந்து பாருங்கள். ஈறும் கறுப்பு, வாலின் இரு மடலிலும் புள்ளி என்றால் சினூக். பல்லடி ஈறு வெளுப்பு, வாலின் மேல் மடலில் மட்டும் புள்ளி என்றால் கோஹோ. செவுள் மூடியில் பெரிய புள்ளிகள், வாலில் புள்ளி இல்லை என்றால் அத்திலாந்திக்காக இருக்கலாம். அதற்குத் தனிச் சட்டம். தெரியாவிட்டால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

ஆற்றுச் சால்மன் கறிக்கு ஆகுமா? போன வருடம் ஒன்று கொண்டுவந்தேன், மனைவி இன்னும் பேசுகிறார். (பிக்கரிங் வாசகர்)

கறுத்த மீனைக் கொண்டுபோயிருப்பீர்கள். முகத்துவாரத்தில், வெள்ளி நிறம் மாறாமல் பிடித்த மீன் ருசியானது, சதை சிவந்திருக்கும். ஆற்றில் ஏறியபின் நாளுக்கு நாள் கொழுப்பும் நிறமும் இறங்கும். கபிலம் பூத்து, வால் தேய்ந்து, வெண்பூஞ்சை பிடித்ததை எந்த மசாலாவாலும் காப்பாற்ற முடியாது. அதைப் பிடிப்பதே வீண்.

நல்ல மீன் கிடைத்தால் செவுளை உடனே வெட்டி இரத்தம் வடியவிட்டு ஐஸில் வையுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று பிளாஸ்டிக் பையில் போட்டு டிக்கியில் வைப்பவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

ஒரு முக்கியமான சங்கதி. ஏரியில் பிசிபி என்ற இரசாயனம் இன்னும் இருக்கிறது. அது கொழுப்பில் சேரும், பெரிய மீனில் அதிகம். ஒன்ராறியோ அரசு மீன் உண்பதற்கு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. எந்த நீர்நிலை, எந்த நீளம், மாதத்துக்கு எத்தனை முறை என்று அதில் பார்க்கலாம். பிள்ளைகளுக்கும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்கும் அளவு குறைவு. தோலையும், வயிற்று மடிப்பையும், முதுகோரக் கொழுப்பையும் வெட்டி எறியுங்கள். கம்பியில் வாட்டினால் மிச்சக் கொழுப்பு வடிந்துபோகும். தேங்காய்ப்பால் விட்டு வைத்தால் அது குழம்பிலேயே நிற்கும், அந்தக் குழம்பைத்தான் நாம் சோற்றில் பிசைகிறோம்! அதனால் நான் கறி வைப்பதில்லை. வாட்டி உதிர்த்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு, தேசிக்காய் சேர்த்துக் கட்லட் போடுவோம். ரின்மீன் கட்லட்டைவிட நன்றாக வரும். சினை எங்கள் வீட்டில் இரைக்கு மட்டும்.

எனக்குத் தெரிந்த உணவகக்காரர் ஒருவர், கிடைக்கும் மீனை விலைக்கு எடுக்கத் தயார். கொடுக்கலாமா? (ஸ்காபறோ வாசகர்)

கூடாது. பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்த மீனை விற்பதும் வாங்குவதும் குற்றம், மீனுக்குப் பதில் கொத்துரொட்டி என்றாலும் அப்படித்தான். சொந்தக்காரருக்குச் சும்மா கொடுக்கலாம். ஆனால் கொடுத்த மீனும் அன்றைய உங்கள் எண்ணிக்கையில் ஒன்றுதான். கொடுத்துவிட்டோமே என்று இன்னொன்று பிடித்து வைக்க முடியாது.