இரண்டு சென்டுக்காகப் பேச்சு நின்ற வீடு

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்து ஆறு வருடம் ஆகிறது. 45 சென்ட் தென்னை விளை, அவரே சம்பாதித்து வாங்கியது. என் அண்ணன்கள் இரண்டு பேரும் வாய்ப்பேச்சாகப் பாதிப் பாதி பிரித்துக்கொண்டார்கள். போன வருடம் சின்னண்ணன் எல்லைச் சுவரான கையாலையை இடித்து இரண்டு சென்ட் தள்ளிக் கட்டினார், அப்பா நட்ட அயனி மரத்தையும் வெட்டி விற்றுவிட்டார். பெரியண்ணன் குழித்துறை கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறார். அம்மாவுக்கு அழுகைதான். என்னிடம், ‘நகை போட்டாச்சு, உனக்கென்ன பங்கு, கையெழுத்துப் போடு’ என்கிறார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். பேசித் தீர்க்க வழி உண்டா?
– ஒரு வாசகி, அருமனை

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. எந்தக் காகிதத்திலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது, நம் குமரிப் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் 1916ஆம் வருடக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம். அது 1951லேயே முடிந்துபோனது என்று, கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் சொல்லிவிட்டது, ஆனாலும் ‘நகை போட்டாச்சு’ என்ற பேச்சு நம் ஊரில் நின்றபாடில்லை. இன்றைய சட்டப்படி அம்மாவுக்கு 15 சென்ட், பிள்ளைகள் மூவருக்கும் பத்துப் பத்து. உங்களையும் அம்மாவையும் விட்டுவிட்டு அண்ணன்கள் போட்ட எல்லை உங்களைக் கட்டாது.

சரி, பேசுவது. சீரமைப்பு நீதி என்று ஒரு முறை இருக்கிறது. நிலம் யாருடையது என்பதோடு நிற்காமல், யாருக்கு என்ன காயம், அதை யார் எப்படிச் சரிசெய்வது என்று சம்பந்தப்பட்டவர்களே முகம் பார்த்துப் பேசுவது. உங்கள் வீட்டுக்கு இது அவசியம் வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது, ஏனென்றால் சர்வேயர் வந்து கல்லைக் காட்டுவார், அப்பா நட்ட மரம் போனதற்கு அவரிடம் என்ன பதில் இருக்கிறது? கோர்ட்டில் சின்னண்ணன் ‘தப்புதான்’ என்று சொன்னால் அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும், அதனால் வாயே திறக்க மாட்டார். கோர்ட் அனுப்பும் சமரசத் தீர்வு மையத்தில் பேசுவது ரகசியம், பின்னால் வழக்கில் பயன்படுத்த முடியாது. மன்னிப்பு அங்கேதான் வாய்விட்டு வரும்.

அதனால் நீங்களும் அம்மாவும் அந்த வழக்கில் உங்களைச் சேர்க்கச் சொல்லி மனு போடுங்கள், சமரசத்துக்கு அனுப்பும்படியும் கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். உட்காரும்போது அம்மா முதலில் பேசட்டும். போதகரோ தாய்மாமாவோ கூட வரலாம், ஆனால் ‘நீ விட்டுக்கொடும்மா’ என்று உங்களிடம் மட்டும் சொல்பவர் வேண்டவே வேண்டாம். மரம் விற்ற பணம், கையாலையைத் திரும்பக் கட்டும் செலவு, அம்மாவை யார் பார்ப்பது, எல்லாமே அங்கே பேச வேண்டியவைதான். உங்கள் பங்கில் கொஞ்சம் அண்ணனுக்குக் கொடுக்க மனதிருந்தால் கொடுங்கள், அது உங்கள் பங்கு என்று அவர்கள் வாயால் ஒத்துக்கொண்ட பிறகு.

முடிவானதைக் கோர்ட்டிலேயே பதிவு செய்து தீர்ப்பாக வாங்குங்கள், கோர்ட் கட்டணமும் பெரியண்ணனுக்குத் திரும்பக் கிடைக்கும். அப்புறம் சர்வேயரை வைத்து அளந்து, தனித்தனிப் பட்டா. அளக்கிற அன்று மூன்று பேரும் விளையில் நில்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தின் கரையை ஒருவர் வளைத்து வாழை வைத்திருக்கிறார். ஊர்க்கூட்டத்தில் பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போகலாம் என்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகர், தோவாளை

பதில்: சரியில்லை. குளம் புறம்போக்கு என்றால் அதை விட்டுக்கொடுக்க ஊருக்கே உரிமை கிடையாது. அவரிடம் பேசுங்கள், குலை வெட்டும் வரை தவணை கேட்டால் அதையும் எழுதி தாசில்தாரிடம் மனுவோடு கொடுங்கள். பணம் மட்டும் வாங்காதீர்கள்.