கடைசி இடத்து அணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேள்வி பதில்

அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் ஆடுகிறவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். மற்றவர்களுக்கு நான்கு வரி. 1999-இல் மார்க்கஸ் ஹைன்ஸோன் என்ற ஜெர்மனிக்காரர் தொடங்கிய விளையாட்டு. இதில் மட்டையைப் பிடிக்கிற வேலை இல்லை, நீங்கள் அணியின் ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.). ஆன்லைன் லீக் என்றால் ஒவ்வொரு அணிக்கும் ஒரு மனிதர். லீக்கை நடத்தும் கமிஷனர் குறித்த நேரத்தில் சிம் ஓட்டுவார், அதாவது அடுத்த ஆட்டங்களைக் கணினியில் நடத்துவார். நாம் அதற்குள் எக்ஸ்போர்ட் (நம் முடிவுகள் அடங்கிய கோப்பு) அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

நான் பத்து வருஷமாக ஆடுகிறேன். இரண்டு முறை கடைசி இடத்து அணியை எடுத்து மேலே கொண்டுவந்திருக்கிறேன். ஒரு முறை முடியாமல் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

முதல் தடவை ஜி.எம்.: அண்ணே, யாரோ விட்டுப்போன அணி கிடைத்திருக்கிறது. போன சீசன் 59 வெற்றி, 103 தோல்வி. முதல் நாள் எதைத் தொடணும்?

ஒன்றையும் தொடாதீர்கள். எந்த வருஷம் ஜெயிக்கப் போகிறீர்கள் என்று மட்டும் முடிவு செய்யுங்கள். அந்த வருஷத்தை ஒரு காகிதத்தில் எழுதி, கீழே ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் அப்போது என்ன வயசு, அதுவரை நம் கையில் இருப்பானா என்று எழுதுங்கள். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக் விதிப்படி ஆறு வருஷ சர்வீஸ் முடிந்தால் அவன் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். பெரும்பாலும் முதல் மூன்று வருஷம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி ஓடிவிடும், அப்புறம் ஆர்பிட்ரேஷன் (நடுவர் வழியாகச் சம்பளத்தைத் தீர்ப்பது), சம்பளம் ஏறும். இந்தக் கணக்கைப் போடாமல் ட்ரேட் (ஆட்டக்காரர் பரிமாற்றம்) திரைக்குள் போகிறவர் சந்தைக்குப் பட்டியல் இல்லாமல் போகிறவர்.

நான் எடுத்த முதல் அணியில் ஒரு ஃபர்ஸ்ட் பேஸ்மேன் இருந்தான். 31 வயசு, 34 ஹோம் ரன், ரசிகர்களுக்குச் செல்லப்பிள்ளை. நான் குறித்திருந்த வருஷத்தில் அவனுக்கு 35 ஆகியிருக்கும். தெரிந்தும் விற்க மனசு வரவில்லை. ஒன்றரை சீசன் வைத்திருந்தேன். ஒருநாள் காலை காபியோடு சிம் கோப்பைத் திறந்தால் பவர் 70 இருந்த இடத்தில் 55. அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த விலை ஒரு மாற்றுக் கேட்சர். அந்தக் கேட்சரின் பெயர்கூட இப்போது நினைவில்லை.

அடுத்தது, திரையில் தெரிகிற எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 20-இலிருந்து 80 வரை போகும் அந்த அளவுகோல் நிஜ பேஸ்பாலில் ஆட்டக்காரர்களை எடைபோடும் ஸ்கவுட்டுகள் வைத்திருப்பது. 50 என்றால் சராசரி. ஆனால் நீங்கள் பார்ப்பது உங்கள் ஸ்கவுட்டின் அபிப்பிராயம். முந்தின ஜி.எம். ஸ்கவுட்டிங் பட்ஜெட்டை வெட்டிவிட்டுப் போயிருந்தால் கண்ணாடி போடாத ஆள் சொன்னதைக் கேட்டு வீடு வாங்குகிற கதைதான். பழைய பெரிய ஒப்பந்தம் ஒன்றைத் தள்ளிவிட்டாவது ஸ்கவுட்டிங்குக்கும் வளர்ப்புக்கும் பணம் ஒதுக்குங்கள்.

கடைசி இடத்தில் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு, பலர் அதை மறந்துவிடுவார்கள். வெய்வரில் யாரையாவது போட்டால், அதாவது ஓர் அணி ஒருவனை வேண்டாம் என்று கழற்றிவிட்டால், அவனை எடுக்க மோசமான அணிக்குத்தான் முதல் உரிமை. ஒவ்வொரு சிம்முக்கும் அந்தப் பட்டியலைப் பாருங்கள். நல்ல அணிகளுக்கு 40 பேர் பட்டியலில் இடம் இருக்காது; 25 வயசுப் பையன்களைக் கழற்றிவிடுவார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத மற்ற அணிப் பையன்களை எடுக்கும் ரூல் ஃபைவ் டிராஃப்ட்டும் அப்படித்தான். எடுத்தவனைச் சீசன் முழுக்க மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஜெயிக்க நினைக்கிற அணிக்கு அது பாரம், உங்களுக்கு இழக்க என்ன இருக்கிறது? யோஹான் சாந்தானா 1999 ரூல் ஃபைவில் கைமாறி மின்னசோட்டாவுக்கு வந்தவர். சிறந்த பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்கு, கொடுக்கும் சை யங் விருதை 2004, 2006 இரண்டு முறை வாங்கினார்.

மதுரை இடதுகை: என் அணி 64 வெற்றி, 98 தோல்வி. எடுத்தது 640 ரன், கொடுத்தது 700. எல்லாரையும் விற்றுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். பேஸ்பால் புள்ளிவிவர நிபுணர் பில் ஜேம்ஸ் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், ஓர் அணி எத்தனை சதவீதம் ஜெயித்திருக்க வேண்டும் என்பது ஏறத்தாழ வரும். உங்களுக்கு அது 0.455. 162 ஆட்டத்தில் 74 வெற்றி. பத்து வெற்றி ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களில் எங்கோ தொலைந்திருக்கிறது. அது உங்கள் ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவன்) குற்றம் இல்லை. ஒரு நல்ல ஸ்டார்ட்டரும் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்), வாக் (நான்கு தவறான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்) வாங்கத் தெரிந்த ஒரு லீட்ஆஃப் ஆளும் (முதலில் மட்டை பிடிப்பவன்) வந்தால் பாதிக்குப் பாதி ஜெயிக்கிற அணி. வீட்டில் எலி இருக்கிறது என்று கூரையைப் பிரிக்காதீர்கள்.

டிராஃப்ட் ஜுரம்: புதுப் பையன்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்டில் முதல் பிக் என்னுடையது. 18 வயசு பிட்சர், ஸ்டஃப் (பந்தின் தரம்) பொட்டன்ஷியல் 75. அல்லது கல்லூரி ஷார்ட்ஸ்டாப், எல்லாம் 55, 60. யாரை எடுக்க?

ஷார்ட்ஸ்டாப். பள்ளிக்கூடத்துப் பிட்சரை நம்பி அணி கட்டாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் பல தடவை சொல்வேன் என்று நினைக்கிறேன்.

ஷார்ட்ஸ்டாப் தேறாவிட்டால் செகண்ட் பேஸுக்கோ தேர்ட் பேஸுக்கோ நகர்த்தலாம். பிட்சர் தேறாவிட்டால் புல்பென் (இடையில் வரும் மாற்றுப் பிட்சர்கள்), அதுவும் இல்லையென்றால் வீடு. முழங்கைத் தசைநார் கிழிந்தால் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை, ஒரு வருஷத்துக்கு மேல் காலி. நிஜத்திலும் இதே கதைதான். 2013-இல் ஹூஸ்டன் முதல் பிக்கில் மார்க் ஆப்பெல் என்ற பிட்சரை எடுத்தது. அவர் கல்லூரி ஆள் வேறு. இரண்டாவதாகச் சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்ட்டை எடுத்தது. பிரையன்ட் 2016-இல் எம்விபி (லீக்கின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர்), அந்த வருஷமே உலகத் தொடரும் ஜெயித்தார். ஆப்பெல் முதல் மேஜர் லீக் ஆட்டம் ஆடியது 2022-இல், 30 வயசில், பிலடெல்பியாவுக்கு.

ராத்திரி சிம்: என் குளோசர் (கடைசியில் வந்து வெற்றியைக் காக்கும் பிட்சர்) 40 சேவ் வைத்திருக்கிறான். அணி கடைசி இடம். வைத்துக்கொள்ளலாமா?

60 ஆட்டம் ஜெயிக்கிற அணிக்குக் குளோசர் எதற்கு, பூட்டுவதற்குக் கதவே இல்லையே. ஜூலையில் விற்றுவிடுங்கள், அப்போதுதான் விலை உச்சம். 2016 ஜூலையில் யாங்கீஸ் அரோல்டிஸ் சாப்மனைக் கப்ஸுக்குக் கொடுத்து கிளைபர் டோரெஸ் உட்பட நால்வரை வாங்கினார்கள். கப்ஸ் கோப்பை வென்றது. டிசம்பரில் சாப்மன் ஃப்ரீ ஏஜென்ட்டாகத் திரும்பி யாங்கீஸுக்கே வந்தார். இதைவிட அழகான விற்பனை இருக்க முடியாது.

பதினேழு தோல்வி வரிசையாக: ரீபில்ட் (அணியை மறுபடி கட்டுவது) எத்தனை வருஷம் ஆகும்?

மூன்றிலிருந்து ஐந்து.

மைனர் லீக் மாமா: என் பிராஸ்பெக்ட் (வளரும் இளம் ஆட்டக்காரன்) தயார். சீசன் முதல் நாளே மேலே கொண்டுவரலாமா, கொஞ்சம் காக்கலாமா?

கேட்க வேண்டிய கேள்வி. 172 நாள் மேஜர் லீக்கில் இருந்தால் ஒரு சர்வீஸ் வருஷம். மேலே சொன்ன பிரையன்ட்டை 2015-இல் கப்ஸ் ஏப்ரல் 17 அன்றுதான் மேலே கூப்பிட்டது. சீசன் முடிவில் அவருக்கு 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் 2020 முடிந்து ஃப்ரீ ஏஜென்ட் ஆக வேண்டியவர் 2021 முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் தரப்பில் முறையீடு போனது, தோற்றது. அப்புறம் ஆட்டக்காரர் சங்கத்தோடு போட்ட 2022 ஒப்பந்தத்தில் இதற்குக் கொஞ்சம் கடிவாளம் போட்டார்கள்: சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு வருஷம் கணக்கில் சேரும்.

நிஜத்தில் அது நியாயமா என்பது வேறு விஷயம். விளையாட்டில் இரண்டு வாரம் மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள் ஏ-யில் உட்கார்ந்ததால் யாரும் செத்துப்போவதில்லை. கடைசி இடத்து அணிக்கு ஏப்ரலில் வருகிற இரண்டு வெற்றி எதற்கு, ஏழாவது வருஷத்தில் ஒரு முழுச் சீசன் கிடைக்கும்போது?

டேங்கர் லாரி: இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? வேண்டுமென்றே தோற்றால் போதும். ஹூஸ்டன் 2011-இல் 106, 2012-இல் 107, 2013-இல் 111 தோல்வி. 2017-இல் கோப்பை. கணக்கு முடிந்தது.

வேண்டுமென்றே தோற்பதை ஆங்கிலத்தில் டேங்கிங் என்பார்கள். பெயரே டேங்கர் லாரி என்று வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், பேசுவோம்.

அந்தத் தோல்விகளால் வரிசையாக மூன்று முறை முதல் பிக் கிடைத்தது. 2012-இல் கார்லோஸ் கொரேயா, தங்கம். 2013-இல் ஆப்பெல், பார்த்தோம். 2014-இல் பிராடி ஐக்கன், மறுபடி பிட்சர், மறுபடி பள்ளிக்கூடம்! மருத்துவப் பரிசோதனையில் முழங்கை பிரச்சினை என்று பேரம் முறிந்து கையெழுத்தே ஆகவில்லை. ஆக மூன்றில் ஒன்று. இப்போது கோப்பை அணியைப் பாருங்கள். ஆல்டுவே வெனிசுவேலாவில் 15,000 டாலருக்கு எடுக்கப்பட்டவர். கைக்கல் ஏழாவது ரவுண்டு. ஸ்பிரிங்கர் 2011-இல் 11-வது பிக். மூவருமே தோல்வித் திட்டம் பலன் தருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். வெர்லாண்டர் 2017 ஆகஸ்ட் கடைசி நாளில் ட்ரேடில் வந்தார். எதிரணியின் சைகையைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டித் தங்கள் பேட்டருக்குச் சொன்ன கதையை வேறு நான் எடுக்கவில்லை.

டேங்கர் லாரி: பிரெக்மனை விட்டுவிட்டீர்கள். ஐக்கன் கையெழுத்துப் போடாததால் கிடைத்த ஈட்டுப் பிக் அவர். தோற்றதால்தானே அது வந்தது?

ஒப்புக்கொள்கிறேன், அது உங்கள் புள்ளி. 2015, இரண்டாவது பிக். ஆனால் பிட்சரின் முழங்கை கெட்டுப்போய் அதனால் ஒரு பேட்டர் கிடைப்பதை யாரும் திட்டம் என்று சொல்ல மாட்டார்கள்.

டேங்கர் லாரி: பால்டிமோர்? 2018-இல் 115 தோல்வி. முதல் பிக்கில் ரட்ச்மன் வந்தார். 2023-இல் 101 வெற்றி.

வந்தார், ஜெயித்தார்கள். அந்த அக்டோபரில் டெக்சஸ் மூன்றுக்குப் பூஜ்யம் என்று துடைத்தெறிந்தது. 2025-இல் மறுபடி பிரிவில் கடைசி இடம். அங்கே எடுத்தவர்களில் பலரும் கொண்டாடும் கன்னர் ஹென்டர்சன் முதல் பிக் இல்லை. 2019-இல் இரண்டாவது ரவுண்டில் வந்தவர். அதாவது, தோற்றது உதவியது, ஆளைக் கண்டுபிடித்தது அதைவிட உதவியது.

இப்போது லாட்டரி வேறு வந்துவிட்டது. டிராஃப்ட்டில் முதல் ஆறு இடமும் குலுக்கல். 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது, நவீன காலத்தில் அதுதான் அதிகம். 2025 டிராஃப்ட்டில் கிடைத்தது பத்தாவது இடம்! பெரிய வருமான அணி அடுத்தடுத்த வருஷம் குலுக்கல் இடம் வாங்கக்கூடாது என்பது விதி. உங்கள் லீக்கில் லாட்டரி உண்டா என்று கமிஷனரிடம் கேட்டீர்களா?

கேட்சர் கண்ணன்: அண்ணே, லாரிக்கே எல்லா பதிலும் போகிறது. டிராஃப்ட்டில் ஒரு பிட்சரை எடுக்கலாமா என்று நானும் கேட்டிருந்தேன்.

மன்னிக்கவும். உங்கள் பிட்சரும் பள்ளிக்கூடத்து ஆள்தானே? அதே பதில்.

டேங்கர் லாரி: லாட்டரி இல்லை. அப்போது தோற்கலாம்தானே?

ஆன்லைன் லீக்கில் எதிரே இருப்பது மனிதர்கள், அதை மறந்துவிடுகிறீர்கள். நீங்கள் டிரிபிள் ஏ பையன்களை வைத்து ஆடினால் உங்கள் பிரிவில் இருப்பவருக்கு இலவச வெற்றி, பக்கத்துப் பிரிவில் மல்லுக்கட்டுகிறவருக்கு வயிற்றெரிச்சல். சில லீக்குகளில் குறைந்தபட்ச வெற்றி என்று விதியே உண்டு. அப்புறம் தோற்கத் தோற்க ரசிகர் ஆர்வம் இறங்கும், வருமானம் இறங்கும், முதலாளி பட்ஜெட்டை வெட்டுவார், நீங்கள் வளர்ப்புக்கு ஒதுக்கிய காசு அதில்தான் போகும். நான் விட்டுவிட்டு ஓடிய அணி என்றேனே, அது இப்படித்தான் போனது. மூன்று வருஷம் வேண்டுமென்றே தோற்றேன். நான்காவது வருஷம் பிராஸ்பெக்ட் எல்லாரும் மேலே வந்தார்கள். பக்கத்தில் நிற்க ஒரு ஃப்ரீ ஏஜென்ட் வாங்கக் காசில்லை.

ஆவரேஜ் அப்பாஸ்: ஒரு ஆள் .320 சராசரியில் அடிக்கிறான், விலைக்கு வருகிறான். வாங்கலாமா?

வாக் எத்தனை, ஸ்ட்ரைக் அவுட் எத்தனை என்று பாருங்கள். ஹோம் ரன் தவிர்த்து, களத்துக்குள் அடித்த பந்துகளில் லீக் சராசரியே .300 பக்கம்தான். இவனுக்கு அது .390 என்றால் அதிர்ஷ்டத்தை விற்கிறார்கள்.

டொரான்டோவிலிருந்து: ட்ரேட் கேட்டு எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை.

எல்லாருக்கும் ஒரே செய்தி அனுப்பினீர்களா? அதுதான். அந்த அணிக்கு எது ஓட்டை என்று பார்த்து, ‘உங்கள் சென்டர் ஃபீல்டர் இடதுகைப் பந்துக்குத் திணறுகிறான், என்னிடம் ஒருவன் இருக்கிறான்’ என்று எழுதுங்கள். பொண்ணு பார்க்கப் போகிறவன் ஊர் முழுக்க ஒரே ஜாதகத்தை ஒட்டிவைக்க மாட்டான்.

கார்டு பைத்தியம்: பெர்ஃபெக்ட் டீமில் எந்த பேக் வாங்கலாம்?

அது வேறு கடை. கார்டு ஆட்டம் எனக்குத் தெரியாது.

புது வரவு: ரீபில்ட் எத்தனை வருஷம் ஆகும் அண்ணே?

மேலே.

புது வரவு 2: டிராஃப்ட்டில் பிட்சரா பேட்டரா?

மேலே! இரண்டு தடவை!

கிரிக்கெட் மட்டும்: எனக்கு பேஸ்பால் விதியே தெரியாது. ஆடலாமா?

தாராளமாக. நானும் இன்ஃபீல்ட் ஃப்ளை விதியை மூன்றாவது வருஷம்தான் புரிந்துகொண்டேன். முதலில் தனியாக ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் லீக்கில் சேருங்கள்.

அதே லீக்: நான் உங்கள் லீக்கில்தான் இருக்கிறேன். போன டிராஃப்ட்டில் முதல் ரவுண்டில் நீங்களே 18 வயசு பிட்சரை எடுத்தீர்களே, அது என்ன கணக்கு?

ஸ்டஃப் 80, கண்ட்ரோல் 60, இடதுகை. விரல் தானாகப் போய் அழுத்திவிட்டது. ஏப்ரலில் முழங்கை போனது, அடுத்த வருஷம் ஜூனுக்குத் திரும்புவான் என்று போட்டிருக்கிறது. நியாயமான விலை வந்தால் கொடுக்கிறேன்.