போர்டில் மிச்சம் பிடியுங்கள், பேட்டரியில் வேண்டாம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்து எதையாவது கழற்றி மாட்டிச் செய்து பார்க்கிறவர்களிடமிருந்து வந்தவை. எதை வாங்கலாம், எங்கே ஏமாறுவோம் என்பதுதான் எல்லாருக்கும் கவலை. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பையன் பதினொன்றாம் வகுப்பு. ஆர்டுயினோ கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஒரிஜினல் போர்டு விலை தலை சுற்ற வைக்கிறது, அதே போல இருக்கும் இன்னொன்று அதில் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறது. 37 சென்சார் போட்ட பெட்டி ஒன்றும் விற்கிறார்கள். எது வாங்கலாம் சார்? (ஒரு அப்பா, திருநெல்வேலி)

கால்வாசி விலை போர்டையே வாங்குங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆர்டுயினோ என்பது நாம் எழுதும் ப்ரோக்ராமின்படி விளக்கு, மோட்டாரை எல்லாம் இயக்கும் சின்ன போர்டு. 2005-ல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் இதைத் தொடங்கியவர்கள் சுற்றுப் படத்தையே எல்லாருக்கும் திறந்து வைத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், ஆர்டுயினோ என்ற பெயரையும் சின்னத்தையும் மட்டும் அனுமதி இல்லாமல் போடக்கூடாது. அதனால் வேறு பெயரில், அல்லது பெயரே இல்லாமல் வந்தால் அது குளோன், வாங்கலாம். ஒரிஜினல் சின்னத்தை அச்சடித்து கால்வாசி விலைக்கு வந்தால் அது போலி. சின்னத்தில் ஏமாற்றுகிற கடைக்காரர் மற்றதில் ஏமாற்ற மாட்டார் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

ஆர்டுயினோவில் பழகுகிறவர்கள் வாங்கும் யூனோ என்ற மாடலில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்றில் முக்கிய சிப் நீளமாக, 28 கால்களோடு ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் நகத்தளவு சதுரமாக போர்டோடு ஒட்டியிருக்கும். பழகுகிற பையனுக்கு முதல் விதம்தான். அவன் என்றைக்காவது ஒரு நாள் மோட்டாரை நேராக போர்டின் பின்னில் (ஒயர் செருகும் முனை) செருகுவான். ஒரு பின்னில் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கக்கூடாது, மோட்டாரோ அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அப்படிச் சிப் போனாலும் ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாக நெம்பி எடுத்துவிட்டு புதுசு போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது பூட்லோடர் (யூஎஸ்பி வழியாக ப்ரோக்ராம் ஏற்ற உதவும் சின்ன மென்பொருள்) ஏற்றிய சிப் என்று கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

குளோன் போர்டுகளில் கம்ப்யூட்டரோடு பேச சிஎச்340 என்ற மலிவான சிப்பைப் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் அந்தச் சிப்புக்கான டிரைவர் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள், அப்புறம் யூஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போகாத கேபிள்கள் வீட்டில் நாலைந்து கிடக்கும். அந்தக் கேபிளை மாட்டிவிட்டு போர்டு செத்துவிட்டது என்று கடையில் சண்டை போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

37 சென்சார் பெட்டி வேண்டாம். அதில் ஐந்தாறுதான் வெளியே வரும், மிச்சமெல்லாம் கொலு பொம்மை மாதிரி பெட்டியிலேயே இருக்கும். சாலிடர் வைக்காமலே பாகங்களைச் செருகும் பிரெட்போர்டு ஒன்று, ஜம்பர் ஒயர், பத்து எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர் ஒரு கைப்பிடி, ஒரு சின்ன சர்வோ மோட்டார் போதும். மிச்சக் காசில் வெப்பநிலை வைத்துக்கொள்ளக்கூடிய சாலிடரிங் அயர்ன் ஒன்று வாங்கிக் கொடுங்கள், போர்டு நாலு மாறினாலும் அது அவனோடு இருக்கும்.

கேள்வி: 200 ரூபாய் மஞ்சள் மல்டிமீட்டர் போதுமா? (சேலம்)

பேட்டரி, போர்டு, ஒயர் தொடர்ச்சி பார்க்கப் போதும். வீட்டு கரண்ட் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். அந்த மீட்டரில் 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பக்கத்தில் ‘அன்ப்யூஸ்டு’ என்று அவர்களே அச்சடித்திருப்பார்கள், அதாவது உள்ளே ப்யூஸ் இல்லை. ஒயரை அந்த ஓட்டையில் விட்ட ஞாபகம் இல்லாமல் பிளக் பாயிண்டில் வைத்தால் பட்டாசுதான். பிளக் பாயிண்ட், மோட்டார் எல்லாம் பார்ப்பதாக இருந்தால் கேட் 3 (மீட்டரின் பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று போட்ட, ப்யூஸ் உள்ள நல்ல கம்பெனி மீட்டராக வாங்குங்கள்.

கேள்வி: மொட்டை மாடி டேங்க் நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும்படி ஒரு சர்க்யூட் செய்கிறேன். இஎஸ்பி32 கன்ட்ரோலர் போர்டு, தண்ணீர் மட்டத்தை எதிரொலியால் அளக்க அல்ட்ராசோனிக் சென்சார், மோட்டாரைப் போட்டு அணைக்க 10 ஆம்பியர் ரிலே மாட்யூல் வாங்க இருக்கிறேன். மோட்டார் 1 எச்பி. மோட்டார் ஆறேழு ஆம்பியர்தான் எடுக்கும், ரிலே 10 தாங்குமே, சரிதானே? (கோயம்புத்தூர்)

சரியில்லை. இதே கணக்கை நானும் போட்டு, நானும் மாட்டினேன். ரெண்டு மாசம் அருமையாக ஓடியது. ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, “தம்பி, உங்க மாடியிலிருந்து அருவி கொட்டுது” என்றார். சர்க்யூட் ரிலேயை அணைத்துத்தான் இருந்தது, எல்இடியும் அணைந்துதான் இருந்தது. ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ரிலேயை உடைத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு தொடுமுனைகளும் உருகி ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருந்தன.

காரணம் எளிது. ரிலேயின் தலையில் போட்டிருக்கும் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்பது ஹீட்டர் போன்ற சாதுவான சுமைக்கான கணக்கு. மோட்டார் அப்படி இல்லை, கிளம்பும் அந்த நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும், நிற்கும்போதும் தீப்பொறி அடித்துவிட்டுத்தான் நிற்கும். சின்ன ரிலே அதை எத்தனை நாள் தாங்கும்?

அதனால் அந்தச் சின்ன ரிலேயை நேராக மோட்டாருக்குப் போடாமல் ஒரு காண்டாக்டரின் (மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ரிலே) காயிலுக்குப் போடுங்கள், மோட்டாரைக் காண்டாக்டர் இழுக்கட்டும். எலக்ட்ரிக்கல் கடையில் ‘1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு காண்டாக்டர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். பெட்டியில் ஏசி-3 என்ற வரிக்கு நேராக எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள், மோட்டாருக்கான எண் அதுதான். ஏசி-1 வரியில் இருக்கும் பெரிய எண்ணைக் காட்டி விற்கப் பார்த்தால் ஏமாறாதீர்கள். கூடவே மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயும் வாங்குங்கள். 230 வோல்ட் பக்கத்து வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் 5 வோல்ட் பக்கத்தில் விளையாடுங்கள்.

சென்சார் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு கண் வைத்த சாதாரண அல்ட்ராசோனிக் சென்சாரை மூடிக்கு அடியில் தொங்கவிட்டால் ஆவி பட்டுப் பட்டு சீக்கிரம் துரு ஏறும். ஒயரோடு வரும் ஒற்றைக் கண் வாட்டர்ப்ரூஃப் சென்சார் வாங்குங்கள். அதற்கு 20, 25 சென்டிமீட்டருக்குள் வந்தால் கண் தெரியாது, அதனால் நிரம்பிய தண்ணீர் மட்டத்துக்கு மேல் அவ்வளவு உயரம் விட்டு மாட்ட வேண்டும். சென்சார் 5 வோல்ட்டில் ஓடினால் அளந்ததைப் போர்டுக்குச் சொல்லும் அதன் எக்கோ ஒயரும் 5 வோல்ட்தான் அனுப்பும், இஎஸ்பி32 தாங்குவது 3.3. நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு இறக்கிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஒரு மிதவை சுவிட்சையும் மேலே பாதுகாப்புக்கு மாட்டி வையுங்கள். எனக்கு அருவிக்கு அப்புறம்தான் அந்த ஞானம் வந்தது.

கேள்வி: 9800 எம்ஏஎச் கொள்ளளவு என்று போட்ட 18650 லித்தியம் செல்கள் நாலு, மிகக் குறைந்த விலையில் ஆன்லைனில் பார்த்தேன். பவர் பேங்க் செய்யலாம் என்று இருக்கிறேன். வாங்கலாமா அண்ணா? (பாலிடெக்னிக் மாணவர், திண்டுக்கல்)

வேண்டாம் தம்பி. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவு டப்பாவுக்குள் உலகத்தில் நல்ல கம்பெனிகள் அடைத்திருப்பது 3500, மிஞ்சிப் போனால் அதற்குச் சற்று மேல். 9800 என்பது மூன்று நல்ல செல்லில் அடைக்கிற சரக்கு. ஒன்றில் அடைத்துவிட்டேன் என்று ஒருவன் சொன்னால் அவன் ஸ்டிக்கர் அடிக்கிற மெஷின் மட்டும்தான் வைத்திருக்கிறான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45-லிருந்து 50 கிராம் வரை இருக்கும், 30 கிராம் காட்டினால் முடிந்தது கதை. எடை சரியாக இருப்பதால் மட்டும் நம்பிவிடவும் முடியாது. உள்ளே குட்டி செல் ஒன்றை வைத்து, சுற்றிலும் பொடியைக் கொட்டி எடை கூட்டியவையும் வந்திருக்கின்றன. கொள்ளளவு அளக்கிற சார்ஜர் நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் ஒரு தடவை முழுக்க ஏற்றி இறக்கிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

சார்ஜ் ஏற்ற டிபி4056 என்ற குட்டி போர்டு வாங்குவாய். அதிலும் இரண்டு விதம். பேட்டரிக்கு இரண்டு முனை மட்டும் இருப்பது ஒன்று, பேட்டரிக்கு இரண்டு, வெளியே எடுக்க இரண்டு என்று நாலு முனை இருப்பது இன்னொன்று. நாலு முனை உள்ளதை வாங்கு, ரொம்ப இறங்கினாலும் ஷார்ட் ஆனாலும் துண்டிக்கிற பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. ஒரு போர்டுக்கு ஒரு செல், அல்லது ஒரே ரகமாக பேரலலில் (ப்ளஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டவை மட்டும்தான். செல்லின் தலையில் நேராக சாலிடர் வைக்காதே, சூடு உள்ளே போய் அதைக் கெடுக்கும். தகடு ஒட்டிய செல்லாகவே கேட்டு வாங்கு, இல்லையென்றால் ஹோல்டர் போடு. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் அதை எழுப்பப் பார்க்காதே, குப்பைத் தொட்டியிலும் போடாதே, மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடு.

கேள்வி: வீட்டு சர்வருக்கு ராஸ்பெர்ரி பை 5 என்ற கையளவு கம்ப்யூட்டர் போர்டு வாங்கலாமா? (சென்னை)

பின்களில் சென்சார், மோட்டார் என்று எதையாவது மாட்டப்போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். வெறும் படம், கோப்பு வைக்கத்தான் என்றால் ஆபீஸ்களில் கழித்துவிட்ட குட்டி கம்ப்யூட்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிடலாம். போர்டு விலையை மட்டும் பார்க்காதீர்கள். பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும் (3 ஆம்பியர் போட்டால் ஓடும், ஆனால் யூஎஸ்பிக்குத் தரும் கரண்ட்டைச் சுருக்கிக்கொள்ளும்), ஃபேன் வேண்டும், கார்டு வேண்டும், டப்பா வேண்டும். கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது, ஸ்க்ரீன் நன்றாக இருக்கிறது. அதை மானிட்டராக மாற்ற ஒரு போர்டு விற்கிறார்களாமே, எதை வாங்குவது? (திருச்சி)

லேப்டாப் மாடலைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு பேனல் (ஸ்க்ரீன்) போட்டிருப்பார்கள். சட்டத்தைக் கழற்றி, பேனலை முன்னால் சாய்த்து, முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். உதாரணத்துக்கு என்156பிஜிஇ என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள், கோடு போட்டு அடுத்து வரும் எழுத்துதான் முக்கியம். எல் என்றால் 40 பின் எல்விடிஎஸ், இ என்றால் 30 பின் இடிபி. பேனலுக்குப் படத்தை அனுப்பும் இரண்டு வேறு இணைப்பு முறைகள் இவை, இரண்டுக்கும் போர்டும் வேறு, கேபிளும் வேறு. ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து விற்கிறவருக்கு அனுப்பி, அதே பேனலுக்கு ப்ரோக்ராம் ஏற்றித் தரச் சொல்லுங்கள். எல்விடிஎஸ் போர்டில் பேனல் வோல்டேஜுக்கு 3.3, 5, 12 என்று ஒரு ஜம்பர் இருக்கும். லேப்டாப் பேனலுக்கு 3.3. அதைப் பார்க்காமல் பவர் போட்டால் நல்ல பேனலையும் எரித்துவிடுவீர்கள். ரொம்பப் பழைய லேப்டாப், உள்ளே எல்இடிக்குப் பதிலாக குச்சி டியூப் எரிகிற ரகம் என்றால் விட்டுவிடுங்கள், அதற்கு இன்வெர்ட்டர், உயர் மின்னழுத்தம் என்று வேறு தலைவலி.

போர்டு, 12 வோல்ட் அடாப்டர், சட்டம், கூரியர் எல்லாம் சேர்ந்தால் பழைய 19 இஞ்ச் மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சம் பிடிக்க இது வழியில்லை, செய்கிற ஆசைக்குச் செய்யுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மாட்யூல் வந்ததிலிருந்தே வேலை செய்யவில்லை. ‘எலக்ட்ரானிக் பாகங்களுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டாலும் ‘டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான்’ என்கிறார்கள். நமக்கு உரிமையே இல்லையா? (ஒரு வாசகி, காஞ்சிபுரம்)

இருக்கிறது மேடம். 2020-ன் இ-காமர்ஸ் விதிகளின்படி, பழுதான பொருளையோ, போலியையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. அவர்கள் தளத்தில் ஒரு வரி எழுதிவைப்பதால் அது மாறாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 250 ரூபாய் மாட்யூலுக்கு அதுவரை போக வேண்டியிருக்காது, பெரும்பாலும் 1915 என்ற வார்த்தையே வேலை செய்யும்.

ஆனால் ப்ளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்து நாமே எரித்துவிட்டால் அது அவர்கள் குற்றம் இல்லை, அதற்குத்தான் அவர்களும் பயப்படுகிறார்கள். பிரிக்கும்போதும் முதல்முறை பவர் போடும்போதும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் ‘டெஸ்டிங் வாரண்டி’ என்றால் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லலாம் என்று அர்த்தம், கூச்சப்படாமல் கேளுங்கள், துண்டுச் சீட்டு வாங்காமல் பில் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் ஷட்டரைப் பார்த்துவிட்டு வராதீர்கள். வந்த மாட்யூலை எரிச்சலில் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம், கவரோடு எடுத்து வையுங்கள், திருப்பிக் கேட்கும்போது கையில் இருக்க வேண்டும்.